உட்கார வைத்த கை

கல்யாண் ஜெயில்
9 மார்ச் 2025

அக்காவுக்கு,

மாரிக்கண்ணன் எழுதுவது. ஜெயில் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். சரி, பேச வேண்டாம். படிக்கவாவது செய். இலவச வக்கீல் என்று செம்பூரிலிருந்து மானசா என்றொரு பெண் வருகிறாள். தமிழ்ப் பெண்தான், ஆனால் தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அதனால்தான் அவளிடம் தைரியமாகக் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு.

அத்தான் கை எப்படி இருக்கிறது? இதை முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கப் பயமாக இருந்தது.

நான் அத்தானை வெட்டப் போகவில்லை அக்கா. போலீஸ் கொலை முயற்சி என்று எழுதிவிட்டது. மானசாவுக்கு நம் ஊர்ச் சங்கத்துக் கதையைப் புரிய வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு. தாராவியில் எல்லாரும் ஒரே சந்தில்தான் இருக்கிறோம், ஆனாலும் பிறந்த தெரு பிறந்த தெருதான். சங்கத்தில் நியாயம் சொல்லும் நாற்காலிக்குத் தலைவர் யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் எதிர்த்தெருக்காரர் ஒருவர் வந்து அந்த ஆளின் வலது கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அப்படி உட்காராதவன் சொல்வது நியாயமே இல்லை. "அப்ப எதிர்க்கட்சி கை நீட்டலைன்னா தலைவர் சொன்ன ஆள் நீதிபதி ஆக முடியாதா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். எங்கே எழுதியிருக்கிறது என்றாள். எங்கேயும் எழுதவில்லை, அதனால்தான் யாராலும் அழிக்க முடியவில்லை என்றேன். சிரித்தாள்.

தலைவர் நயினார், தன் மேலத்தெருக்காரரான அத்தான் பெயரைச் சொன்ன அன்றே, நம் கீழத்தெருவிலிருந்து ஒரு கையும் வராது என்று நான் சபையில் எழுந்து சொன்னேன். அத்தான் மேல் எனக்கு என்ன கோபம்? நயினார் மேல்தான். நாம் இருக்கிற கோலி வீடுகளையெல்லாம் இடித்துப் புதுசாகக் கட்டப்போகிறார்கள். கீழே ஒரு குடும்பம், மேல்மாடியில் ஒரு குடும்பம் என்று இருக்கிற கோலியில் புது வீடு யாருக்கு என்று சொந்தக்காரர்களுக்குள் தகராறு வந்தால், சங்கம் சொல்லும் நியாயத்தையே எடுத்துக்கொள்கிறோம் என்று கட்டுகிற கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் நயினாருக்கு அந்த நாற்காலியில் தன் ஆள் வேண்டாமா?

கை வராது என்று தெரிந்ததும் அவர் ஆட்கள் இஸ்திரிக் கடையிலிருந்து சுடலைக்கண்ணன் அண்ணனை இழுத்து வந்தார்கள். கீழத்தெருவிலேயே வாயில்லாப் பூச்சி அவர்தான். கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, அண்ணன் அலற அலற, அந்தக் கையைக் கொண்டுபோய் அத்தான் கைமேல் வைத்து, "பிடிச்சாச்சு" என்று கத்தினார்கள். நான் பட்டறையிலிருந்து நேரே வந்தவன். பெல்ட் வெட்டுகிற கத்தி இடுப்பில் இருந்தது. முறுக்கினவன் கையைப் பார்த்துத்தான் வீசினேன். யாரோ தள்ளினார்கள்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். சுடலையண்ணன் கையை வலுக்கட்டாயமாக வைத்தார்கள். அத்தான் கையை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லையே. அவர் ஏன் கையை இழுத்துக்கொள்ளவில்லை?

மாரி


தாராவி
17 மார்ச் 2025

மாரிக்கண்ணனுக்கு,

தம்பி என்று எழுத வரவில்லை. வந்தால் பிறகு எழுதுகிறேன்.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, விரல்களோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கூட்டம் மிதித்துக் கூழாக்கியிருந்தது. ஒட்டாது என்றார்கள். அந்தப் பையை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. ஐஸ் கரைந்து சேலை நனைகிறவரை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அத்தான் கட்டிங் மாஸ்டர். கத்தரிக்கோல் பிடிக்க அந்த இரண்டு விரல்தான் வேண்டும். நீ வேறு எதை வெட்டியிருந்தாலும் சோற்றுக்கு வழி இருந்திருக்கும்.

யாரோ தள்ளினார்கள் என்று எழுதியிருக்கிறாய். தள்ளினவன் கையிலா கத்தி இருந்தது?

அப்பாவும் கீழத்தெருதான். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பையன். நாற்காலியில் இருந்தவர் ஒருநாள் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார். அவரை உட்கார வைத்தவர் அப்பா. உட்கார வைத்த கைக்கு எழுப்பவும் உரிமை உண்டு. அப்பா நடந்துபோய் அவர் கையைப் பிடித்து, "எந்திரிங்க அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். மனிதர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா இடுப்பில் வெற்றிலைப் பைதான் இருந்தது. அவர் பிள்ளை நீ கத்தியோடு போனாய்.

உன் பட்டறை இல்லை. மறுநாளே மேலத்தெருப் பையன்கள் வந்து மெஷின்களைக் கடப்பாரையால் அடித்து நொறுக்கினார்கள். தோல் சுருள்களைச் சந்தில் போட்டு எரித்தார்கள். அந்த நாற்றம் இன்னும் எங்கள் சோற்றில் அடிக்கிறது. உன்னிடம் வேலை பார்த்த பீகார்க்காரன் மண்டை உடைந்து ஊருக்குப் போய்விட்டான். சுடலையண்ணனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஒற்றைக் கையால் இஸ்திரி போடுகிறார்.

நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. தலைவர் சொன்ன ஆளை உட்கார விடாமல் ஜெயித்துவிட்டீர்கள். நீங்கள் ஜெயித்ததை நான்தான் சங்க மண்டபத்துத் தரையில் ஃபினாயில் ஊற்றிக் கழுவினேன்.

நீ கேட்டதை அவரிடம் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கீதா


கல்யாண் ஜெயில்
30 மார்ச் 2025

அக்கா,

கழுவினேன் என்று எழுதினாயே, அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. சோறு இறங்காததற்கு வேறு காரணமும் இருக்கிறது. கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை.

போன வாரம் குளிக்கிற இடத்தில் இரண்டு பேர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் துண்டில் பூட்டைப் போட்டு முடிந்துகொண்டு வந்தான். "நயினார் சேட் நே சலாம் போலா" என்றான். நயினார் சலாம் சொல்லச் சொன்னாராம். சொல்லிவிட்டுத்தான் அடித்தான். முதல் அடி வாயில். அடுத்தது விலாவில். நான் கீழே விழுந்த பிறகும், குளிக்க வந்தவர்கள் பக்கெட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு குளித்தார்கள். என் ரத்தம் சோப்பு நுரையோடு சேர்ந்து ஓடையில் போவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று ஜெயில் டாக்டரிடம் சொன்னேன். வேறு என்ன சொன்னாலும் ராத்திரி அவர்களோடு அதே பேரக்கில்தானே படுக்க வேண்டும்.

தாராவியில் ஒரு சங்கத்துக்குத் தலைவர், இங்கே கல்யாண் வரைக்கும் கை நீள்கிறது. மேலே அவர் கட்சி இருக்கிறது அல்லவா.

அத்தான் இன்னும் வாக்குமூலம் கொடுக்கவில்லை என்று மானசா சொன்னாள். யார் வெட்டியது என்று பார்க்கவில்லை, தள்ளுமுள்ளில் பட்டுவிட்டது என்று அவர் சொன்னால் ஜாமீன் கிடைத்துவிடுமாம். நான் கேட்கத் தகுதியில்லாதவன். விரலை எடுத்தவனே வந்து உதவியும் கேட்கிறான் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் கேள். விலா எலும்பில் ஒன்று மூச்சு விடும்போது குத்துகிறது. அடுத்த சலாம் எப்போது வரும் என்று தெரியவில்லை.

மாரி


தாராவி
8 ஏப்ரல் 2025

தம்பி,

எழுத வந்துவிட்டது. பல் போன வாயோடு உன்னை நினைத்துப் பார்த்ததும் வந்துவிட்டது.

நயினார் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள். உன் அத்தானை ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒரு நாளும் என்னோடு நேராகப் பேசியவர் இல்லை. "தாயி, நீ யாரு மக?" என்று கேட்டார். தெரியாமல் கேட்பாரா? அப்பா பெயரைச் சொன்னேன். "கீழத்தெருல்லா" என்றார். கலியாணம் கட்டி மேலத்தெருவுக்கு வந்தவள் என்றேன். "தாலி ஏறினா வீடு மாறும் தாயி. பொறந்த தெரு மாறுமா? ஒன் கை கீழத்தெருக் கைதான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நானே உன் அத்தானை உட்கார வைக்க வேண்டுமாம். பொம்பளை கை செல்லாது என்று எந்த விதியும் இல்லையாம். பொம்பளையை மண்டபத்து நடுவில் யாரும் விட்டதில்லை, அதனால் யாரும் விதி போட்டதும் இல்லை. கீழத்தெரு ஆம்பளைகள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு தடுக்கப் பார்த்தார்கள், தடுக்கவே முடியாத ஒரு கை தன் தெருவிலேயே சோறாக்கிக்கொண்டு இருந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

நான் உட்கார வைத்தால் உன் அத்தான் நீ கேட்டபடியே மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லலாம். அவர் ஆட்களும் யாரும் எதையும் பார்க்கவில்லை என்பார்கள். இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. "ஜெயில்ல பசங்க முரட்டுப் பசங்க" என்று மட்டும் சொன்னார். ஆப்பிளைக் கழுவித் தின்னச் சொல்லிவிட்டுப் போனார்.

உன் அத்தான் இடது கையால் எழுதிப் பழகுகிறார். தாள் முழுக்கத் தன் பெயரையே எழுதி வைத்திருக்கிறார், சுயம்பு, சுயம்பு என்று. தீர்ப்புக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டுமல்லவா. மாட்டுங்காவில் நான் சமைக்கிற மெஸ்ஸில் சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுத் திட்டு வாங்கினேன்.

நான் போனால் நம் தெரு என்னை மன்னிக்காது. போகாவிட்டால் நீ இருக்க மாட்டாய். நீயே சொல்.

அக்கா


கல்யாண் ஜெயில்
13 ஏப்ரல் 2025

அக்கா,

போ. உட்கார வை.

தெருவாவது மண்ணாவது. நேற்று எங்கள் பேரக்கில் ஒருவனுக்கு ஸ்பூனைத் தரையில் தேய்த்துக் கூராக்கிக் கழுத்தில் இறக்கினார்கள். காது வரைக்கும் கிழிந்துவிட்டது. அவன் என் பக்கத்தில் படுக்கிறவன். ஆள் மாறிக் குத்திவிட்டார்களோ என்று எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். என் போர்வையில் அவன் ரத்தம் இருக்கிறது. மாற்றுப் போர்வை கிடையாது. அதையேதான் போர்த்துகிறேன்.

சபையில் எழுந்து நின்று ஒரு கையும் வராது என்று முழங்கினவன்தான் இதையும் எழுதுகிறேன். மானம் ரோஷம் எல்லாம் வெளியில் இருக்கிறவனுக்கு. எனக்கு உயிர் வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. சீக்கிரம் செய்.

நாளைக்குச் சித்திரை ஒன்று. நீ எனக்குப் பாயசம் வைக்க வேண்டாம்.

மாரி


தாராவி
29 ஏப்ரல் 2025

தம்பி,

செய்துவிட்டேன்.

மண்டபத்தில் கீழத்தெரு ஆட்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். நான் உள்ளே நடந்தபோது என் பின்னால் ஒருவன் சொன்ன வார்த்தையை எழுத மாட்டேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். உன் அத்தான் நாற்காலிக்கு முன்னால் நின்றார். வலது கையில் கட்டு. கட்டுக்குக் கீழே மிச்சமிருந்த மூன்று விரலைப் பிடித்தேன். பிடித்து உட்கார வைத்தேன். புண் திறந்து என் உள்ளங்கையில் ரத்தம் ஒட்டியது.

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். வலித்திருக்க வேண்டும். ஆனால் முகத்தில் இருந்தது சந்தோஷம். அன்றைக்கு ஏன் கையை இழுத்துக்கொள்ளவில்லை என்று கேட்டாயே, அதுதான் பதில். அவருக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. கெட்ட எண்ணத்தோடு இல்லை. யார் உட்கார வைத்தால் என்ன, யார் கையை முறுக்கினால் என்ன, நான் உட்கார்ந்தால் நியாயமாகச் சொல்வேன் என்று நம்பினார். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் அளவுக்குத் துணி வெட்டினவருக்கு ஒரு நாள் தானே அளவு சொல்ல வேண்டும் என்று ஆசை. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் கூரைத் தகரத்தில் கல் விழுந்தது. சுடலையண்ணன் பெண்சாதி விஜயலக்ஷ்மி குழாயடியில் என் முகத்தில் துப்பினாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகத் துப்பினாள். துடைத்துக்கொண்டு தண்ணீர் பிடித்தேன்.

அவள் துப்பியதில் நியாயம் இருக்கிறது. முதல் வழக்கே சுடலையண்ணனுடையதுதான். அந்தக் கோலி ஒரே பெயரில் இருக்கிறது. கீழே இருக்கிற அவர் சித்தப்பா மகன் இப்போது நயினார் பக்கம் சாய்ந்துவிட்டான். மேல்மாடியில் இருக்கிற சுடலையண்ணனுக்குப் பங்கே இல்லை என்று தீர்ப்பு வர வேண்டுமாம். உன் அத்தான் நயினாரிடம் போய், இரண்டு பேரும் ஒரே தாத்தா பேரன்கள், பாதிப் பாதிதான் நியாயம் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அவர் பழைய சம்பளப் பாக்கி வாங்கப் பட்டறைக்குப் போயிருந்தபோது நான்கு பேர் வந்தார்கள். துணி வெட்டுகிற மெஷினை ஓடவிட்டு, இவருடைய இடது கையை மேஜைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பிளேடை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "மாஸ்டர், இதையும் குடுத்துருதீயளா?" என்று கேட்டார்கள். சுண்டுவிரல் நகம் மட்டும் போனது. வீட்டுக்கு வந்தவர் வேட்டியை நனைத்திருந்தார். நானே மாற்றிவிட்டேன். அவர்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கப்போகிறேன் கீதா என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு தீர்ப்பு. உனக்கான வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன்னால் கொடுத்துவிட்டார். மானசா சந்தோஷமாக இருக்கிறாள்.

அக்கா


கல்யாண் ஜெயில்
6 மே 2025

அக்கா,

ஜாமீன் ஆர்டர் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட ஒரு ஜாமீன்தாரர் மட்டும் வர வேண்டும். கீழத்தெருவில் இனி எனக்காக எவன் வருவான்? நயினாரே ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாராம். என்னை வெளியே கொண்டுவந்து தன் பக்கத்தில் நிற்க வைத்து வேடிக்கை காட்ட வேண்டும் அவருக்கு. இங்கே இப்போது யாரும் என்னை அடிப்பதில்லை. பூட்டால் அடித்தவனே டீ கொடுக்கிறான். அவன் கொடுக்கிற டீயைக் குடிக்கும்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைக்கிறது.

சுடலையண்ணன் கையை முறுக்கினார்கள் என்றுதான் நான் கத்தி எடுத்தேன். இப்போது என் தோலைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மனிதர் வீட்டையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். போ, உட்கார வை என்று எழுதின என் கையை நானே வெட்டிப் போட வேண்டும்.

வெட்டப்போவது அதை இல்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். என்னிடம் ஒரு ஸ்பூன் இருக்கிறது. ராத்திரியெல்லாம் தேய்த்து வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுவர முடியாது, ஆனால் வெளியில் கத்திக்கா பஞ்சம்? நயினார் அனுப்புகிற ஆளோடேயே வருகிறேன். நேரே அவர் வீட்டுக்குத்தான் கூட்டிப்போவான். இந்தத் தடவை யாரும் தள்ள மாட்டார்கள், நடுவில் அத்தான் கையும் வராது. கழுத்துதான். அதற்கப்புறம் தூக்கில் போடட்டும். சங்கத்துக்குத் தலைவரும் வேண்டாம், அவர் சொல்கிற நீதிபதியும் வேண்டாம்.

நீ ஒன்றும் செய்யாதே. தீர்ப்பு வந்தால் வரட்டும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

மாரி


சயான் ஆஸ்பத்திரி
15 மே 2025

தம்பி,

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. நான்தான் சொல்கிறேன். உன் அத்தான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் எழுதுகிறார். பெயர் எழுதிப் பழகினது இதற்காவது உதவியது.

உன் கடிதத்தை மெஸ்ஸில் அடுப்புக்கு முன்னால் நின்று படித்தேன். படித்துவிட்டு அடுப்பிலேயே போட்டேன். நீ சொன்னால் செய்கிறவன். ஒரு தடவை பார்த்தாயிற்று. நீ வெளியே வருவதற்குள் நயினார் கதையை நான் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் நீ அவர் கழுத்தோடு உன் கழுத்தையும் முடித்துக்கொள்வாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சுடலையண்ணன் இறங்கின தோளோடு நடுவில் நின்றார். உன் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்த தாளைப் பிரித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை. உட்கார வைத்தவள் தீர்ப்பைக் கேட்கக் கிட்டே வருகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நயினார்கூடத் தலையாட்டி வரவேற்றார். நான் போய் அந்த மூன்று விரலைப் பிடித்து, "எந்திரிங்க" என்றேன்.

இழுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனேன். வேண்டியிருக்கவில்லை. என் கை படுவதற்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். தாள் கீழே விழுந்தது. இதை எழுதும்போது எழுதுகிறவர் என்னைப் பார்க்கிறார். உள்ளதைத்தானே சொல்கிறேன்.

கிழடுகள் எல்லாருக்கும் விதி தெரியும். உட்கார வைத்த கை எழுப்பிவிட்டால் அந்த ஆள் இனி உட்கார முடியாது. நயினார் முகத்தில் ரத்தமே இல்லை. "பொட்டச்சி கைக்கு என்னலே மரியாதை?" என்றார். மேலத்தெருக் கிழவர் ஒருவரே எழுந்து, "அன்னிக்கு நீருதான அந்தக் கை செல்லும்னீரு?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் பேச்சு இல்லை. அவர் ஆட்கள் பாய்ந்தார்கள். அந்த நாற்காலியையே தூக்கி என் மேல் அடித்தார்கள். தலைக்கு வந்ததை வலது கையால் தடுத்தேன். எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது, காய்ந்த முருங்கைக்கொம்பை ஒடிக்கிற மாதிரி. விழுந்த பிறகு மறுபடி அடித்தார்கள், அதே கையில். உன் அத்தான் என் மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டார். அவர் முதுகில் நாற்காலிக் கால் முறிகிற வரை அடித்தார்கள். அவர் வாயிலிருந்து ரத்தம் என் கழுத்தில் சொட்டியது. வாசலோடு நின்ற கீழத்தெரு அன்றைக்குத்தான் உள்ளே வந்தது. முதலில் வந்தவள் விஜயலக்ஷ்மி. கையில் இஸ்திரிப் பெட்டி, உள்ளே கரி கனன்றுகொண்டிருந்தது. ஒருவன் காதில் அதை வைத்தாள். அவன் கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது. நல்லது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வராவிட்டால் நான் இல்லை.

மேலத்தெருவில் பாதிப் பேர் அடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை, எழுந்து வெளியே போய்விட்டார்கள். நயினார் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஆள் இல்லை. போலீஸ் வந்து அவரையும் ஜீப்பில் ஏற்றியது. கட்சி சீக்கிரம் வெளியே எடுத்துவிடும். எடுக்கட்டும். ஆனால் இனி அவர் யார் பெயரைச் சொன்னாலும், கை நீட்ட இரண்டு தெருவிலும் ஆள் இல்லை. நாற்காலியும் இல்லை, விறகாகிவிட்டது. சுடலையண்ணன் மேல்மாடியில்தான் இருக்கிறார்.

என் கை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. கம்பி வைக்கிறார்கள். பழையபடி கரண்டி பிடிக்க முடியுமா என்று கேட்டேன், பார்ப்போம் என்றார்கள். உன் அத்தானுக்கு முதுகில் தையல்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட நயினார் ஆள் வரவில்லை. சுடலையண்ணன் வருகிறார், மானசாவோடு. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அவர் கோலியைக் காட்டித்தான் கையெழுத்துப் போடுகிறார். நீ வெளியே வந்து கத்தியைத் தொட்டால் அந்தக் கோலி போய்விடும். அதை விட்டுவிடக் கூடாது என்றுதான் எனக்கு எலும்பு உடைந்தது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள், வேறு அறிவுரை எல்லாம் உனக்கு ஏறாது என்று எனக்குத் தெரியும்.

அந்த ஸ்பூனை அங்கேயே ஓடையில் போட்டுவிட்டு வா. வழியில் எங்கேயும் இறங்காதே. ரயில் ஏறி நேரே சயானில் இறங்கு. இங்கே எனக்குத் தலை வார ஆள் இல்லை, அவருக்குச் சோறு பிசைய ஆள் இல்லை. நம் வீட்டில் இப்போது நல்லபடியாக இருக்கிற வலது கை உன்னுடையது ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் எதுவும் வாங்க வேண்டாம். வெறுங்கையோடு வா.

அக்கா